தேயிலை கைவிட்டது, மேடை கைகொடுத்தது
சிட்னி கிறீன்ஸ்ட்ரீட் என்னும் குணசித்திர நடிகரின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்கு ஓரிரண்டு ஆண்டுகளே எஞ்சியிருந்த காலம். பதினெட்டு வயது நிரம்பிய ஆங்கில இளைஞன் ஒருவன் தந்தையின் வீட்டை விட்டு இலங்கைக்குப் புறப்பட்டான். மலைநாட்டிலே தேயிலை பயிரிட்டுப் பெரும்பொருள் ஈட்டவேண்டும் என்பது அவன் ஆசை. மழை பொய்த்தது, போட்ட முதல் கரைந்தது, வந்த வழியே திரும்பிச் சென்றான். அவ்வாறு தோற்றுத் திரும்பியவர்களின் பெயர்களை இன்று எவரும் நினைவிற் கொள்வதில்லை. இந்த இளைஞனின் பெயரை மட்டும் உலகம் அறிந்தது. ஆனால் அதற்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் கழியவேண்டியிருந்தன.

சிட்னி கிறீன்ஸ்ட்ரீட் என்பது அவர் பெயர். ஹொலிவூட்டின் பொற்காலம் எனப் போற்றப்படும் நாட்களிலே, தமது அறுபத்தோராவது வயதில் முதன்முறையாகப் படக் கருவியின் முன் நின்றவர் அவர். எட்டு ஆண்டுகள் மட்டுமே திரையில் வாழ்ந்தார். அந்த எட்டாண்டுக்குள் நடித்த படங்கள் 20க்கு மேற்பட்டவை. அவற்றில் இரண்டேனும் சினிமா உள்ளளவும் பார்க்கப்படும் என்பதில் ஐயமில்லை. அவர் கதாநாயகராக நடித்தவரல்லர். நாயகனை மிரட்டியும் மயக்கியும் விலைபேசியும் நின்ற குணசித்திர நடிகர். முதுமையில் வந்த இப்புகழை அதிர்ஷ்டத்தின் கொடை என்று கூறுவோர் உளர். அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து நோக்குவோர்க்கு அக்கூற்றுப் பொருந்தாமை புலனாகும்.

மலையிலிருந்து மேடைக்கு

இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ற் மாகாணத்தில் சான்ட்விச் என்னும் பழைய துறைமுக நகரை அடுத்து, 1879ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி கிறீன்ஸ்ட்ரீட் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழிலும் தோல் வாணிபமும் செய்தவர். பிள்ளைகள் எண்மர். நடுத்தரக் குடும்பத்து ஆங்கிலப் பிள்ளைகள் பலருக்கும் அக்காலத்தில் நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது. வீட்டிலே பங்கு சிறிது; கடலுக்கு அப்பால் சாம்ராச்சியம் பெரிது. பொருள் தேடப் புறப்பட்டார்.

அவர் கேள்வியுற்ற இலங்கை தேயிலையின் இலங்கை. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பிப் பயிரைச் சில ஆண்டுகளிலே அழித்துவிட்டது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நூற்றாண்டின் முடிவில் மலைச்சரிவுகள் எங்கும் தேயிலை பரவியிருந்தது. ஆங்கில இளைஞர்கள் துரைமாராக வந்திறங்கினர். காடு வெட்டியோரும், கன்று நட்டோரும், கொழுந்து கொய்தோரும் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாரின் கடனிற் கட்டுண்டு வந்த தமிழ்த் தொழிலாளர்.

வறட்சி வந்தபோது துரை தம் முதலை இழந்தார். தொழிலாளி தன் நாட்கூலியை இழந்தான். துரைக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாடும், மாற்றுத் தொழிலும் இருந்தன. தொழிலாளிக்குக் கடன் இருந்தது. கிறீன்ஸ்ட்ரீட்டின் வரலாற்றைக் கூறும் ஆங்கில நூலோர் இலங்கை வறட்சியை ஒரு வரியிலே கடந்து செல்வர். அந்த ஒரு வரியின் மறுபக்கத்தில் நம்மவர் நின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கிலாந்து திரும்பிய இளைஞருக்கு மதுவடிசாலை ஒன்றின் முகாமைப் பணி கிடைத்தது. கணக்கும் பீப்பாயும் நிறைந்த அவ்வேலை அவருக்குச் சலிப்பையே தந்தது. பொழுதுபோக்காக நடிப்புப் பயிலத் தொடங்கினார். பொழுதுபோக்கே தொழிலாயிற்று. 1902ஆம் ஆண்டு றாம்ஸ்கேற் நகரிலுள்ள அரங்கொன்றிலே, ஷெர்லொக் ஹோம்ஸ் கதையைத் தழுவிய நாடகமொன்றில் முதன்முறையாக மேடையேறினார். ஏற்ற வேடம் கொலைகாரன் வேடம். நாற்பது ஆண்டுகளின்பின் உலகம் அவரைக் கொலைக்கு அஞ்சாத கனவானாகக் கண்டு வியக்கப்போகிறது என்பதை அன்று அவ்வரங்கில் இருந்தோர் எவ்வாறு அறிவர்?

பென் கிறீற்றின் பள்ளி

கிறீன்ஸ்ட்ரீட்டின் மெய்யான பல்கலைக்கழகம் பென் கிறீற்றின் நாடகக் குழுவாகும். சேக்ஸ்பியரின் நாடகங்களை ஊரூராகக் கொண்டுசென்றவர் பென் கிறீற். சோடனைத் திரைகளையும் ஆடம்பர அமைப்புக்களையும் அவர் பெரிதாக மதித்தாரல்லர். புல்வெளிகளிலும் பூங்காக்களிலும் கல்லூரி வளவுகளிலும் திறந்த வெளியிலே நாடகம் நடத்துவது அக்குழுவின் வழக்கம். காற்றும் பறவையொலியும் போட்டியிடும் வெளியிலே நடிகனுக்குத் துணையாவது குரல் ஒன்றே. சொல்லின் ஈற்றெழுத்தும் கடைசி வரிசையிலுள்ளவனின் காதில் விழவேண்டும். அதேவேளையில் அது கூச்சலாகவும் ஆகிவிடக்கூடாது. கிறீன்ஸ்ட்ரீட்டின் குரலுக்கு அமைந்த அந்த உருண்டு திரண்ட தெளிவு இத்தகைய வெளிகளிலே பழகிப் பெற்றதாகும்.

அக்குழுவுடன் அத்திலாந்திக் கடலைக் கடந்த அவர், 1905ஆம் ஆண்டளவில் நியூயோர்க் மேடையில் தோன்றினார். மனிதனின் இறுதி யாத்திரையைக் கூறும் ‘எவ்ரிமான்’ என்னும் பழைய அறநாடகம் அது. அதன்பின் அமெரிக்காவே அவருடைய தொழிற்களமாயிற்று. சேக்ஸ்பியரின் விகடப் பாத்திரங்கள், இசை நாடகங்கள், இன்ப நாடகங்கள், துன்ப நாடகங்கள் என எதையும் அவர் ஒதுக்கவில்லை. ஒரு வாரம் வேலைக்காரன், மறுவாரம் பிரபு, அதற்கடுத்த வாரம் குடிகாரன். சிறு வேடங்களிற் பயிலும் நடிகனின் வாழ்க்கை இவ்வாறே செல்லும். விளம்பரத்தாளிலே அவன் பெயர் கீழ்வரியில் இருக்கும். ஆனால் அவன் ஓர் இரவு தடுமாறினால் நாடகமே தடுமாறிவிடும்.

1933இல் ‘றொபேற்றா’ என்னும் இசை நாடகத்திலே நடித்தார். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பொப் ஹோப்பும் அந்நாடகத்தில் இருந்தார். 1935 முதல் அல்பிரட் லன்ற், லின் பொன்ரான் என்னும் புகழ்பெற்ற நடிகத் தம்பதியரின் நாடகங்களிலே தொடர்ந்து இடம்பெற்றார். அமெரிக்க மேடையிலே அத்தம்பதியருக்கு நிகரானோர் அன்று இலர். ஒருவர் பேச்சு முடியுமுன் மற்றவர் பேச்சுத் தொடங்கி, இரண்டும் தெளிவாகக் கேட்கும்படி பேசும் நுட்பத்தை அவர்கள் வளர்த்திருந்தனர். ஒரு தேநீர்க் கோப்பையை எந்தச் சொல்லில் எடுப்பது, எந்தச் சொல்லில் வைப்பது என்பதையும் பலமுறை ஒத்திகை பார்ப்பர். அவர்களோடு நின்று பிடிப்பதற்கு ஒரு துணைநடிகனுக்கு எவ்வளவு பொறுமையும் விழிப்பும் வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அக்காலத்தில் அவர் ஏற்ற வேடங்களைப் பார்த்தால் அவருடைய வீச்சுப் புலனாகும். 1935இல் சேக்ஸ்பியரின் ‘ரேமிங் ஒப் த ஷ்ரூ’ நாடகத்திலே அடங்காத மகளைப் பெற்ற தந்தை. 1936இல் றொபேட் ஷேர்வூட் எழுதிய நாடகத்திலே, போரின் வாயிலில் தவிக்கும் ஜேர்மன் விஞ்ஞானி. 1938இல் செக்கோவின் ‘கடற்பறவை’யிலே சோரின். எழுத்தாளராக ஆசைப்பட்டு, மணஞ்செய்ய ஆசைப்பட்டு, நகரிலே வாழ ஆசைப்பட்டு, ஒன்றும் கைகூடாது நோயுற்றுத் தளர்ந்திருக்கும் முதியவர் இந்தச் சோரின். கிறீன்ஸ்ட்ரீட்டை வில்லனாக மாத்திரம் அறிந்தோர் இவ்வேடத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

படங்களில் நடிக்கும்படி அழைப்புக்கள் வராமலில்லை. பல ஆண்டுகளாக அவற்றை அவர் மறுத்தே வந்தார்.

வல்லூறும் அதனைத் தேடியவரும்

1940இல் பின்லாந்துப் போரைப் பொருளாகக் கொண்டு ஷேர்வூட் எழுதிய நாடகமொன்றிலே லன்ற் தம்பதியரோடு கிறீன்ஸ்ட்ரீட் நடித்தார். அந்நாடகம் சுற்றுப்பயணமாக லொஸ் ஏஞ்சலிஸ் நகரை அடைந்தபோது படவுலகத்தாரின் கண் அவர்மீது விழுந்தது. ஜோன் ஹியூஸ்ரன் என்னும் இளம் கதைவசனகர்த்தா வோணர் சகோதரர் நிறுவனத்தில் தமது முதற்படத்தை நெறிப்படுத்த ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். டஷீல் ஹமெற் 1930இல் வெளியிட்ட ‘மோல்ட்டீஸ் பல்கன்’ என்னும் துப்பறியும் நாவலே கதை. ஏற்கெனவே இருமுறை படமாகி நிலைக்காது போன கதை அது. நெறியாளருக்கும் அது முதற்படம். அறுபத்தொரு வயது நடிகருக்கும் அது முதற்படம்.

நாற்பது ஆண்டு மேடையில் நின்றவர் முதல்நாட் படப்பிடிப்பிலே அஞ்சி நடுங்கினார் என்பது சுவையான செய்தி. உடன் நடித்த மேரி அஸ்ரரிடம், தம் கையைப் பற்றிக்கொள்ளும்படியும், தாம் நகைப்புக்கிடமாக மாட்டார் எனத் தேற்றும்படியும் அவர் கேட்டுக்கொண்டதாக அந்நடிகையே நினைவுகூர்ந்துள்ளார். தொழிலை அறிந்தவருக்கே இத்தகைய அச்சம் வரும்.

கஸ்பர் கட்மன் என்னும் பாத்திரத்தை அவர் ஏற்றார். மணிகள் பதித்த பொன் வல்லூற்றுச் சிலை ஒன்றைப் பதினேழு ஆண்டுகளாகத் தேசந்தேசமாகத் தேடி அலையும் கனவான் அவர். படத்தின் நடுப்பகுதியை நெருங்கும்போதே திரையில் தோன்றுகின்றார். முந்நூறு இறாத்தலை அண்மிய உடல், வயிற்றின் குறுக்கே தொங்கும் கடிகாரச் சங்கிலி, பளிச்சென்ற உடை. ஒளிப்பதிவாளர் ஆதர் எடிசன் கருவியைத் தாழவைத்து மேல்நோக்கிப் படம்பிடித்தார். ஆகவே அந்த உடல் ஒரு மலைபோல எழுந்து நிற்கின்றது. அந்த மலையிலிருந்து வரும் குரலோ மிக இனியது. மரியாதை குறையாது, வேகம் கூடாது. இடையிடையே உள்ளிருந்து குமிழியிடும் ஒரு சிரிப்பு. ஹம்பிறி போகாட் நடித்த துப்பறிவாளனுக்கு மதுவில் மயக்கமருந்து கலந்து கொடுத்துவிட்டு, அது ஏறும்வரை வல்லூற்றின் வரலாற்றை ஒரு சரித்திர ஆசிரியரைப் போல அமைதியாக விரித்துரைக்கும் காட்சி ஒன்று உண்டு. நீண்ட உரை, கட்மனின் குரல்தான் அக்காட்சியின் நாடகம். பென் கிறீற்றின் புல்வெளியிற் பழகிய குரலுக்கு அந்த அறை பெரிதா?

மகன்போலக் கருதுவதாகக் கூறிய இளைஞனைத் தம் காரியத்துக்காகக் காட்டிக்கொடுக்கச் சம்மதிக்கும்போதும் கட்மனின் முகத்திற் கொடுமை தெரிவதில்லை. நல்ல குடும்பத்துப் பெரியவர் ஒருவரின் வருத்தமே தெரிகின்றது. அக்காலப் படங்களின் வில்லன்கள் பெரும்பாலும் உறுமினர். கிறீன்ஸ்ட்ரீட் உபசரித்தார். உபசாரத்தின் உள்ளே இருந்த கொடுமை அதனாலேயே அதிகமாக அச்சமூட்டியது.

இறுதியிலே வல்லூறு கைக்கு வருகின்றது. கத்தியாற் சுரண்டிப் பார்க்கின்றார். பொன்னில்லை, ஈயம். பதினேழு ஆண்டுத் தேட்டம் ஒரு நொடியிலே பொய்யாகின்றது. கட்மன் சிலையைக் குத்துகின்றார், திணறுகின்றார், கழுத்துப்பட்டியைத் தளர்த்துகின்றார். பிறகு மெல்லச் சிரிக்கத் தொடங்குகின்றார். உண்மைச் சிலை இஸ்தான்புலில் இருக்குமெனத் தீர்மானித்து, இன்னும் ஓராண்டு தேடினால் என்ன என்னும் உற்சாகத்துடன் புறப்பட ஆயத்தமாகின்றார். இந்த மாற்றம் முழுவதும் ஒரு நிமிட அளவிலே அவர் முகத்தில் நடந்து முடிகின்றது. இருபது வயதிலே இலங்கையின் மலையில் முதலிழந்து, மதுவடிசாலையில் மனம் ஒட்டாது, மீண்டும் புதிதாகத் தொடங்கிய ஒருவர் இக்காட்சியிலே நடித்தார் என்பதை அறிந்து பார்ப்போர்க்கு அதன் சுவை இரட்டிக்கும்.

1941 ஒக்டோபரில் வெளியான அப்படம் அவரை அமெரிக்கா எங்கும் அறிமுகஞ் செய்தது. சிறந்த துணைநடிகருக்கான அக்கடமிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு மற்றொரு ஆங்கிலேயரான டொனால்ட் கிறிஸ்புக்குச் சென்றது.

எட்டு ஆண்டு அறுவடை

அடுத்த ஆண்டு வந்தது ‘கசபிளாங்கா’. அதிலே நீலக்கிளி என்னும் மதுச்சாலையின் உரிமையாளரான பெராரியாக அவர் சில நிமிடங்களே தோன்றுகின்றார். கையிலே ஈ அடிக்கும் விசிறி. யுத்தத்தால் ஓடிவந்த மனிதரையே சரக்காகக் கருதும் வியாபாரி. ஆயினும் தப்பியோட வழி தேடும் தம்பதியருக்கு இலாபம் எதுவும் கருதாது ஓர் உதவியும் செய்கின்றார். ஏன் செய்கின்றோம் என்பது தமக்கே விளங்காதவர்போல. அந்தச் சிறு தயக்கத்தை அவர் நடித்த விதத்தினால் சில நிமிட வேடம் முழுமனிதனாக நிலைத்துவிட்டது.

பீற்றர் லோரே என்னும் நடிகரோடு அவர் பெயர் பிரிக்கமுடியாதவாறு இணைந்தது. ஹங்கேரியில் பிறந்து, ஜேர்மனியிலே புகழ்பெற்று, ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி வந்தவர் லோரே. ஒருவர் மலை, மற்றவர் அணில். ஒருவரின் குரல் உருளும். மற்றவரின் குரல் இழையும். இருவரும் ஒன்பது படங்களிலே தோன்றினர். அவற்றுள் எரிக் அம்ளரின் நாவலைத் தழுவி 1944இல் ஜீன் நெகுலெஸ்கோ நெறிப்படுத்திய ‘மாஸ்க் ஒப் டிமிற்றியோஸ்’ குறிப்பிடத்தக்கது. அழகிய நாயகனை நம்பாது, இவ்விரு குணசித்திர நடிகரையே நம்பி எடுக்கப்பட்ட படம் அது. ஹொலிவூட்டிலே அஃது அரிய துணிவாகும்.

எனினும் ஒரு குறையைக் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. மேடையிலே எத்தனையோ சுரங்களை வாசித்தவரிடம் படமுதலாளிகள் இரண்டொரு சுரங்களையே திரும்பத்திரும்பக் கேட்டனர். சதிகாரர், ஒற்றர், செல்வத்தாற் கொழுத்த கொடியவர் என்னும் வேடங்களே மிகுதியாக வந்தன. 1945இல் வெளியான ‘கிறிஸ்மஸ் இன் கொனெற்றிகட்’ என்னும் படத்திலே நல்ல உணவுக்கு ஏங்கும் பத்திரிகை முதலாளியாக நடித்து நகைச்சுவை ஆற்றலைக் காட்டினார். 1947இல் ‘ஹக்ஸ்ரேர்ஸ்’ படத்திலே சவர்க்கார முதலாளியாக வந்து, விளம்பரத்தின் இலக்கணத்தை விளக்குவதற்காகக் கூட்ட மேசையின்மீது காறி உமிழ்ந்தார். பார்த்தவர் மறக்கமுடியாத காட்சி அது. 1949இல் ‘பிளமிங்கோ றோட்’ படத்திலே ஒரு சிற்றூரைத் தன் கைக்குள் வைத்திருக்கும் பொலிஸ் அதிகாரியானார். ஆனால் சோரினைப் போன்ற ஒரு வேடத்தைத் திரை அவருக்குத் தரவேயில்லை. அமெரிக்க நாடகாசிரியர் ரெனசி வில்லியம்ஸ் ஓர் ஓரங்க நாடகத்தை, காலம் கடந்துபோன முதிய சப்பாத்து விற்பனையாளர் ஒருவரைப் பற்றியதை, இவரை மனத்திற்கொண்டே படைத்து இவருக்கே உரித்தாக்கினார். அவருள் இருந்த துயர நடிகனைப் படமுதலாளிகள் காணாவிடினும் கவிஞன் கண்டான்.

உடலே பெயராகிவிட்ட நடிகருக்கு நேர்ந்த விசித்திரமும் ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டை ஆக்கிய விஞ்ஞானிகளுள் ஒருவரான றொபேட் சேர்பர், 1945 ஓகஸ்ட் 9ஆந் திகதி நாகசாக்கிமீது போடப்பட்ட குண்டுக்குத் தடித்த மனிதன் என்னும் பெயர் ‘மோல்ட்டீஸ் பல்கன்’ படத்திலே கிறீன்ஸ்ட்ரீட் ஏற்ற பாத்திரத்தை எண்ணியே இடப்பட்டது எனப் பின்னாளில் எழுதினார். ஒரு கலைஞனின் படைப்பு எங்கெல்லாம் இழுத்துச் செல்லப்படும் என்பதை அவனே அறியான்.

இறுதி நாட்கள்

நீரிழிவும் சிறுநீரக நோயும் அவரை வருத்தின. 1949இல் முடிவடைந்த ‘மலாயா’ என்னும் படமே அவர் நடித்த கடைசிப் படம். யப்பானியர் கைப்பற்றிய மலாயாவிலிருந்து இறப்பரைக் கடத்தும் கதை அது. ஸ்பென்சர் ட்றேசியும் ஜேம்ஸ் ஸ்ருவாட்டும் நாயகர்கள். தேயிலையை நாடிக் கீழைத்தேசம் வந்த இளைஞர், ஹொலிவூட்டின் கூடத்திலே அமைத்த இறப்பர் நாட்டிலே நடித்துத் திரையை விட்டு விலகினார்.

அதன்பின்னும் குரல் ஓயவில்லை. 1950இலும் 1951இலும் அமெரிக்க வானொலியிலே நீரோ வுல்ப் என்னும் துப்பறிவாளராக நடித்தார். வீட்டைவிட்டு வெளியேற விரும்பாது, ஓர்க்கிட் மலர்களை வளர்த்துக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே குற்றங்களைத் துலக்கும் பருத்த மனிதர் அப்பாத்திரம். கேட்போருக்கு உடல் தெரியவில்லை. குரல் ஒன்றே போதுமாயிருந்தது. 1954ஆம் ஆண்டு ஜனவரி 18ஆந் திகதி, தமது 74ஆவது வயதிலே ஹொலிவூட்டிற் காலமானார்.

1902 முதல் 1941 வரை முப்பத்தொன்பது ஆண்டுகள் அவர் மேடையிலே உழைத்தார். அந்த உழைப்பை இன்று நாம் பார்க்க வழியில்லை. நாடகம் திரை விழுந்த இரவோடு மறைந்துபோவது. எஞ்சியிருப்பவை கடைசி எட்டாண்டுப் படங்களே. அவற்றை மட்டும் பார்ப்போர்க்கு, எங்கிருந்தோ ஒரு முதியவர் திடீரென வந்து வென்றதுபோலத் தோன்றும். கட்மனின் ஒரு சிரிப்புக்குப் பின்னே எத்தனை ஊர்களின் எத்தனை இரவுகள் நின்றன என்பது படத்திலே தெரிவதில்லை. தேநீரைப் பருகுவோர்க்குக் கொழுந்து கொய்த கை தெரியாததுபோல என்று கூறினால், மலைநாட்டை அறிந்த நம் வாசகர்களுக்கு அது நன்கு விளங்கும்.

இளமையிலே பெயரும் பரிசும் கிட்டவில்லையே என வாடும் மாணவர்க்கும், ஆண்டாண்டாக வகுப்பறையிலே உழைத்தும் எவர் கண்ணிலும் படாத ஆசிரியர்க்கும் இவ்வரலாறு சொல்லத்தக்கது. அறுபத்தொன்றில் அழைப்பு வந்திராவிட்டால், உலகம் கிறீன்ஸ்ட்ரீட்டை அறிந்திராது. ஆயினும் சோரினாக அவர் நடித்த இரவுகளில் அரங்கிலே அமர்ந்திருந்தவர்கள் பெறவேண்டியதைக் குறைவின்றிப் பெற்றே சென்றிருப்பார்கள்.